ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிட நம் குழந்தைகள் குள்ளமா? மரபணுவா, சாப்பாடா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "இந்தியா பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளைவிட வசதியான நாடு. ஆனாலும் நம் குழந்தைகள் அங்குள்ள குழந்தைகளைவிடக் குள்ளம் என்று படித்தேன். இது உண்மையா, இல்லை நம்மை மட்டம் தட்ட யாரோ போட்ட கணக்கா? உண்மை என்றால் காரணம் மரபணுவா, சாப்பாடா?" கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: உங்கள் மூன்று வயது மகனை அங்கன்வாடியில் அளந்து 'குள்ளத்தன்மை' என்று எழுதிவிட்டார்களாம். எனக்கென்னவோ அந்த அடைப்புக்குறிதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. ஆனால் நாட்டின் சராசரியைப் பற்றிய கேள்வி வேறு, ஒரு பிள்ளையைப் பற்றிய கேள்வி வேறு. ஒன்றின் பதிலை மற்றதன் தலையில் கட்டினால் வீண் பயம்தான் மிஞ்சும். முதலில் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம், அப்புறம் உங்கள் பையன்.

நான் மருத்துவர் இல்லை. பதினைந்து வருடமாக வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை அளப்பதும், மற்றவர்கள் அளந்த எண்களைக் கணினியில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வதும் என் பிழைப்பு. அதனால் அளப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பலகையில் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையை மேல்கட்டையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்திப் பாதத்துக்கு நேராகக் கீழ்கட்டையை நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை வீறிட்டு அழும், காலை உதைக்கும், பாட்டி "பச்சப் புள்ளைய என்ன பண்றீங்க" என்று சண்டைக்கு வருவார். அந்த அமளியில் ஒரு சென்டிமீட்டர் பிசகுவது சர்வ சாதாரணம். ஆனால் அந்த வயதில் ஒரு சென்டிமீட்டர் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி சரியாக இரண்டு வயதான ஆண் குழந்தையின் நடுமட்ட உயரம் சுமார் 87 சென்டிமீட்டர், 'குள்ளத்தன்மை' என்று எழுதும் கோடு 81. மொத்தமே ஆறு சென்டிமீட்டர் இடைவெளிதான்.

உயரத்தைவிடப் பெரிய தலைவலி வயது. "ஆடி பொறந்து பத்து நாள் இருக்கும்" என்று அம்மா சொல்வார், எந்த வருடத்து ஆடி என்பதற்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை போக வேண்டியிருக்கும். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பல நாடுகளின் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, டிசம்பரில் பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் ஜனவரியில் பிறந்ததாகப் பதிவானவர்களைவிட, வயதுக்கு உயரமாக இருந்தார்கள். மார்கழிக் குளிரில் ஒன்றும் மகிமை இல்லை. வருடம் சரியாகவும் மாதம் குத்துமதிப்பாகவும் எழுதினால் இப்படித்தான் வரும்: ஜனவரி என்று எழுதிய குழந்தை நிஜத்தில் சில மாதம் இளையதாக இருக்கும், அதனால் குள்ளமாகத் தெரியும். டிசம்பர் என்று எழுதியது மூத்ததாக இருக்கும், அதனால் உயரமாகத் தெரியும்.

சரி, இவ்வளவு பிசகு இருந்தால் எண்களை நம்பலாமா? சராசரிக்கு நம்பலாம். லட்சக்கணக்கான குழந்தைகளை அளக்கும்போது கூடுதலும் குறைச்சலும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2005-06இல் 48 சதவீதம், 2015-16இல் 38.4, 2019-21இல் 35.5. குறைந்துகொண்டு வந்தது, ஆனால் 2019-21இலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தது. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளை மொத்தமாக எடுத்தால் நம்மைவிட வருமானம் குறைவு, பச்சிளம் குழந்தைகள் சாவது அதிகம், ஆனால் பிழைத்த குழந்தைகள் நம்மைவிடச் சற்று உயரம். 1996இல் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் இன்னும் இருவரும் யூனிசெஃப் வெளியீட்டில் இதற்கு 'ஆசியப் புதிர்' என்று பெயர் வைத்தார்கள். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இடைவெளி உண்மை. மட்டம் தட்டுகிறார்கள் என்ற சந்தேகம் அநேகமாக உலகப் பட்டினிக் குறியீட்டைப் பார்த்து வந்திருக்கும். அதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. பெயர் பட்டினி, ஆனால் அதன் நான்கு அளவுகோல்களில் மூன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. பெயர் தப்பு என்பதால் உள்ளே இருக்கும் உயரக் கணக்கும் தப்பு என்று ஆகிவிடாது.

மரபணுவுக்கு வருவோம். 2013இல் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா இதை நேராகவே எழுதினார்: இந்தியக் குழந்தைகளை உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரே கோட்டால் அளப்பதே தவறு, நாம் இயல்பிலேயே குள்ளமாக இருக்கலாம் என்று. ஆங்கஸ் டீட்டன், ஜான் டிரேஸ் உள்ளிட்ட வேறு பொருளாதார அறிஞர்கள் உடனே மறுத்தார்கள். ஒருவரைவிட இன்னொருவர் உயரம் என்பதற்குப் பெரும் பங்கு மரபணு, அதில் யாருக்கும் சண்டை இல்லை. கேள்வி, ஒரு நாட்டின் சராசரி ஏன் தாழ்ந்திருக்கிறது என்பது. இங்கே இரண்டு விஷயங்கள் மரபணு வாதத்துக்கு எதிராக நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கோடுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டவை. இந்தியாவிலிருந்து போனவர்கள் தெற்கு டெல்லியின் வசதியான வீட்டுக் குழந்தைகள். நல்ல சாப்பாடு, தாய்ப்பால், நோயில்லாத சூழல் கிடைத்தால் ஆறு இடத்துக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். இரண்டாவது, இங்கிலாந்தில் பிறந்து வளரும் இந்திய வம்சாவளிக் குழந்தைகள். பெற்றோர் வெள்ளையர்களைவிடத் தெளிவாகக் குள்ளம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோ அங்குள்ள பிள்ளைகளுக்குச் சமமாக, அல்லது கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது. மரபணுவுக்குத் துளியும் பங்கில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பெரும் பங்கு அதற்கில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் என்ன காரணம்? கொஞ்ச நாள் எல்லோரும் கக்கூஸைக் காட்டினார்கள், நானும்தான். டீன் ஸ்பியர்ஸ் என்ற பொருளாதார அறிஞரின் வாதம் எளிமையானது. நம் நாட்டில் மலம் கழிக்க வெளியே போகிறவர்கள் அதிகம், அதுவும் நெருக்கடியான ஊர்களில். குழந்தை தவழும் மண்ணிலேயே கிருமி, குடல் எப்போதும் புண்பட்டே கிடக்கிறது, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. நாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அருமையாகப் பொருந்தியது. இந்தியாவுக்குள்ளும் ஒரு சான்று இருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் சராசரியாக இந்துக் குடும்பங்களைவிட ஏழைகள், ஆனால் அவர்களின் குழந்தைகள் சாவது குறைவு. அவர்கள் கழிப்பறை அதிகம் பயன்படுத்துகிறார்கள், அவர்களின் அக்கம்பக்கத்தாரும் பெரும்பாலும் அப்படியே.

கழிப்பறை கட்டிக் கொடுத்தும் ஏன் போவதில்லை என்று கேட்டுப் போனவர்கள் சாதியில் போய் முட்டினார்கள். 2014இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில், கழிப்பறை இருந்த வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியேதான் போய்க்கொண்டிருந்தார். அரசு மானியத்தில் வரும் சின்னக் குழி சில வருடத்தில் நிறையும். நிறைந்தால் யார் அள்ளுவது? அந்த வேலையை யார் தலையில் காலங்காலமாகக் கட்டினார்களோ அவர்கள் இப்போது மறுக்கிறார்கள், மறுப்பது நியாயம். மற்றவர்கள் தொடமாட்டார்கள். அதனால் கட்டினால் கிணறு மாதிரிக் குழி, இல்லையென்றால் கழிப்பறையே வேண்டாம். சில வீடுகளில் அதில் விறகும் வரட்டியும் அடுக்கி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 'பழக்கவழக்கத்தை மாற்ற வேண்டும்' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அது சோம்பேறித்தனமோ அறியாமையோ அல்ல, தீண்டாமையின் கணக்கு.

ஆனால் அப்புறம் குலுக்கல் முறைச் சோதனைகள் வந்தன. அதாவது எந்த ஊருக்குக் கழிப்பறைத் திட்டம், எந்த ஊருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்து, சில வருடம் கழித்துக் குழந்தைகளை அளப்பது. ஒடிசாவில் 100 கிராமங்களில் செய்தார்கள். திட்டம் போன ஊர்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆகின. வயிற்றுப்போக்கு குறையவில்லை, உயரமும் கூடவில்லை. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்றிலும் கழிப்பறை, சோப்பு, சுத்தமான தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனைகளின் முடிவுகள் 2018, 2019இல் வந்தன. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, உயரம் மட்டும் எங்கேயும் அசையவில்லை. கூடுதல் சத்துணவு கொடுத்த இடங்களில் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம்தான்.

அந்த முடிவுகள் வந்த வாரம் எங்கள் ஆபீஸ் சாவு வீடு மாதிரி இருந்தது. கக்கூஸ் வாதத்தைக் காப்பாற்றச் சொல்லப்படும் சமாதானங்கள் முழுக்க நொண்டிச் சாக்கு அல்ல. ஒடிசாவில் திட்டம் போன ஊர்களிலேயே முப்பத்தேழு சதவீத வீடுகளில் இன்னும் கழிப்பறையே இல்லை, இருக்கும் வீடுகளிலும் பலர் வெளியே போகிறார்கள் என்றால் கிருமிக்கு என்ன நஷ்டம்? வங்கதேசத்தில் வெளியே போகிற பழக்கம் ஏற்கெனவே பெரிதும் குறைந்துவிட்டது, அதனால் அந்த முடிவை பீகாருக்கு அப்படியே பொருத்த முடியாது. இதெல்லாம் சரிதான். ஆனாலும் 'கழிப்பறை கட்டினால் பிள்ளை வளரும்' என்று பத்து வருடம் முன்பு நான் மேடையில் பேசிய உறுதியோடு இன்று பேசமாட்டேன். கழிப்பறை மானத்துக்கும் வசதிக்கும் வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. அதை நியாயப்படுத்த உயரத்தை இழுக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டையே பாருங்களேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் கிராமப்புற வீடுகளில் கழிப்பறை இருந்தது 23 சதவீதத்தில்தான். நாட்டின் கிராமப்புறச் சராசரியே 30க்கு மேல், கேரளாவில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் குள்ளத்தன்மையில் நாம் நாட்டுச் சராசரிக்கு வெகு கீழே: 2019-21இல் 25 சதவீதம். கேரளம் 23.4, பீகார் 42.9. பணம் மட்டும் போதும் என்றால் குஜராத் எங்கேயோ போயிருக்க வேண்டும். அங்கே 39, அதைவிட ஏழையான உத்தரப் பிரதேசத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம் விஷயத்தில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1982இல் எம்ஜிஆர் விரிவாக்கிய சத்துணவு, ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், பெண் படிப்பு, குறைந்த பிள்ளைப்பேறு என்று எல்லோரும் அவரவர்க்குப் பிடித்ததைக் காரணமாகச் சொல்வார்கள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வு இருக்கிறது என்று யாராவது உறுதியாகப் பேசினால் நான் கொஞ்சம் தள்ளி உட்காருவேன். எல்லாம் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நடந்தவை. கட்சிக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பிறந்த வரிசை பற்றியும் ஒரு பிரபலமான விளக்கம் உண்டு. பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் காட்டியது: முதல் குழந்தையை மட்டும் எடுத்தால் நாம் ஆப்பிரிக்கர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. இரண்டாவது குழந்தையில் இடைவெளி ஆரம்பிக்கிறது, மூன்றாவதில் கூடுகிறது. மூத்த ஆண் பிள்ளைக்குப் போட்டு வளர்க்கும் வீட்டில் பின்னால் வருகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்ணுக்கு, மிச்சம்தான் என்பது அவர்கள் வாசிப்பு. கேட்டவுடன் நம் எல்லோருக்கும் ஏதோ ஒரு வீடு ஞாபகம் வரும், அதனாலேயே நான் கொஞ்சம் உஷாராக இருப்பேன். இதற்கு வலுவான ஆட்சேபம் உண்டு. இன்று இந்தியாவில் மூன்றாவது பெறுகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஏழைகள். அப்படியானால் நீங்கள் பார்ப்பது வரிசையையா, வறுமையையா? அதோடு, பிறந்த ஒரு மாதத்துக்குள் சாவது இந்தியாவில் பின்னால் பிறந்தவர்களைவிட முதல் குழந்தைகளில்தான் அதிகம் என்று வேறொரு ஆய்வு காட்டுகிறது. முதல் பிரசவத்தின்போது தாய் அவ்வளவு மெலிந்திருக்கிறாள். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட அழுத்தமாகத் தெரிவது இந்தக் கடைசி விஷயம்தான், தாயின் உடம்பு. டயான் காஃபி என்ற ஆய்வாளர் 2015இல் போட்ட கணக்கின்படி, 2005-06 தரவில், கர்ப்பம் தரிக்கப்போகும் நிலையில் இருந்த இந்தியப் பெண்களில் 42 சதவீதம் எடை குறைந்தவர்கள். சகாராவுக்குத் தெற்கே அது 16.5. நாட்டின் எல்லாப் பெண்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இது தெரியாது. நம்மூரில் பெண்ணுக்கு மாமியார் ஆன பிறகுதான் சதை போடும். பிள்ளை பெறும் இருபது வயதுக்காரி வீட்டிலேயே கடைசி ஆள். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை, அதே மாநிலத்தில் நாலில் ஒரு குழந்தை குள்ளம். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கூட்டுக் குடும்பங்களை வைத்து ஒரு நேர்த்தியான ஆய்வு உண்டு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கழிப்பறை அல்லது ஒரே வயல்வெளி. அண்ணன் மனைவியின் பிள்ளைகளும் தம்பி மனைவியின் பிள்ளைகளும் அங்கேயே வளர்கிறார்கள். இளைய மருமகளின் பிள்ளைகள் சராசரியாகக் குள்ளம். தாத்தா பாட்டி ஒன்று, வீட்டு வருமானம் ஒன்று. வித்தியாசம், அவள் ஓரகத்திக்கு அந்த வீட்டில் இருக்கும் இடம் அவளுக்கு இல்லை என்பது.

சாப்பாட்டுக் கணக்கெடுக்கப் போகும்போது முதல் நாள் சாப்பிட்டதை எல்லாம் கேட்டு எழுதுவோம். வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர், "எல்லாரும் தின்னதுதான் நானும் தின்னேன்" என்றார். எழுதிக்கொண்டேன். என்னோடு வந்த அனுபவசாலியான அக்கா பேனாவைப் பிடுங்காத குறையாக, "எந்தப் பாத்திரத்துல சாப்பிட்டம்மா?" என்று கேட்டார். குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாராம். அதாவது குழம்பு தீர்ந்த பிறகு, சட்டியில் ஒட்டியதை. மாமனார், புருஷன், கொழுந்தன், பிள்ளைகள், மாமியார், அப்புறம் இவர். மீன் துண்டு எத்தனை என்று கேட்டதற்குச் சிரித்தார். நான் எழுதிய படிவத்தில் அந்த வீட்டுக்கு 'மீன் குழம்பு' என்று பதிவாகியிருக்கும். அன்றிலிருந்து என் படிவங்களில் பாத்திரம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது.

அதனால் 'மரபணுவா, சாப்பாடா' என்றால், சாப்பாடு, ஆனால் குழந்தையின் தட்டுக்கு வருவதற்கு முந்தைய சாப்பாடு என்பேன். அதோடு கிருமி, சாதி, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி எல்லாம் சேர்கின்றன. தாய் சின்ன வயதில் வளராமல் போயிருந்தால் அவள் கருப்பையும் அதன் விளைவைச் சுமக்கும், இதற்கு மரபணு மாற வேண்டியதில்லை. இன்று எல்லாவற்றையும் சரிசெய்தாலும் சராசரி உயர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகலாம். என் பந்தயம் தாயின் எடை மேல். பந்தயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கர்ப்பத்துக்கு முன்பே பெண்ணின் சாப்பாட்டை மாற்றிப் பிள்ளையின் உயரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது என்றால், வீட்டுக்குள் யார் முதலில் சாப்பிடுவது என்பதை மாற்றுவது. அதைக் குலுக்கிப் போட்டுச் சோதிப்பது கழிப்பறை கட்டுவது போல் சுலபம் இல்லை.

இப்போது உங்கள் பையன். அந்தக் கோடு ஒரு ஊரையோ மாவட்டத்தையோ எடைபோடப் போட்டது. எந்தக் குறையும் இல்லாத ஊரிலும் நூற்றில் இரண்டு குழந்தைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள், அவர்கள் நோயாளிகள் அல்ல. நீங்களும் உங்கள் மனைவியும் எவ்வளவு உயரம் என்று எழுதவில்லை, அது முக்கியம். அதைவிட முக்கியம், ஒரு முறை அளந்தது எதையும் சொல்லாது. மூன்று வயதில் நிற்க வைத்து அளக்க வேண்டும்: செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் சுவரில் படும்படி, பார்வை நேராக. பிறந்த தேதி அங்கன்வாடிப் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மாதம் தவறினாலும் கோடு மாறும். டீச்சரிடம் கோபப்படாதீர்கள், அவர் ஒருவராக முப்பது பிள்ளைகளை அளக்கிறார். பழைய அளவுகள் இருந்தால் எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து அதே அளவுகோலில், அதே ஆளை வைத்து, காலை நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். கோட்டுக்குக் கீழே இருந்தாலும் அதற்கு இணையாக ஏறிக்கொண்டே போகிறானா, இல்லை விலகிக் கீழே போகிறானா என்பதுதான் பார்க்க வேண்டியது. விலகுகிறான் என்றால், அல்லது எடையும் நின்றுவிட்டது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, எப்போதும் சோர்வு என்று ஏதாவது இருந்தால், மூன்று மாதம் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உயரம் கூட்டும் பவுடர் என்று டிவியில் வருவதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் நிலக்கடலையும் வாங்கலாம். இரண்டு அளவும் கைக்கு வந்ததும் தேதியோடு இங்கே போடுங்கள், கோட்டில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.